மாவிலங்கப்பட்டியை ஜெயித்த அன்று

வீரசோழன் ஊருக்குப் போகிற பஸ்ஸிலிருந்து மரியராஜ் தகரப்பெட்டியோடு இறங்கியபோது ஓடைக்கரைப்பட்டி ஜனங்கள் பாதிக்கு மேல் ரோட்டோரம் நின்றார்கள். மேளம் இருந்தது, மாலை இருந்தது, அருப்புக்கோட்டையிலிருந்து யாரோ வாங்கி வந்த சரவெடியும் இருந்தது. வங்காளத்துச் சண்டைக்குப் போய்த் திரும்பிய பட்டாளத்துக்காரன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான். ரேடியோவில் கேட்டதையெல்லாம் இவனே தனியாளாகச் செய்து முடித்துவிட்டு வந்த மாதிரி ஊர் அவனைப் பார்த்தது.

சரவெடி வெடித்தபோது எந்தப் பக்கம் வெடிக்கிறது என்று தெரியாமல் அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சிரித்தார்கள். ஒரு ஆற்றங்கரையில் குண்டு விழுந்த அன்றைக்கு அவனுடைய இடது காது அடைத்துக்கொண்டது; பிறகு திறக்கவே இல்லை. காயம் ஒன்றும் வெளியே தெரியாததால் ஊருக்கு அது இன்னும் தெரியாது.

அவனுடைய அய்யா ஞானையா பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். மனைவி ரோஸி பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, அவன் கால் கை எல்லாம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறவள் போல மேலும் கீழும் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு லிங்கம் வந்தான். ஊரில் தறி ஓடுகிற மூணு நாலு வீடுகளில் ஒன்று அவனுடையது. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே வந்தால் தமிழ், சடுகுடு என்றால் இரண்டையும் மறந்துவிடுவான். மரியராஜோடு ஒன்றாகப் படித்து ஒன்றாகப் படிப்பை விட்டவன்.

"ஏலே, காலு ரெண்டும் நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு."

"மூச்சு?"

"அதும் இருக்கு. எதுக்குக் கேக்குற?"

"சூசையப்பர் திருவிழாவுக்கு மாவிலங்கப்பட்டிக்காரங்க வாராங்க. இந்த வருசம் ஆட்டம் நம்ம பொட்டல்ல."

மரியராஜ் கழுத்து மாலையைக் கழற்றி லிங்கத்தின் கையில் கொடுத்தான். "நாளைக்கு விடிய எல்லாரையும் கண்மாய்க்குள்ள வரச் சொல்லு," என்றான். பஸ்ஸு நிறுத்தத்தில் அவன் பேசிய முதல் முழுப்பேச்சு அதுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஓடைக்கரைப்பட்டிக்கும் மாவிலங்கப்பட்டிக்கும் நடுவே ஒரு கண்மாயும் கொஞ்சம் கரிசக்காடும்தான். கொடுக்கல் வாங்கல், கல்யாணம் காட்சி எல்லாம் உண்டு. ஆனால் வருசத்துக்கு ஒருமுறை சடுகுடு என்று வந்துவிட்டால் இரண்டு ஊருக்கும் கண் தெரியாது. எந்தக் காலத்தில் யார் ஆரம்பித்தார்களோ, தோற்ற அணித் தலைவன் கழுத்தில் விளக்குமாற்று மாலை போட்டுக்கொண்டு, ஜெயித்த தலைவனை முதுகில் சுமந்து தெருத்தெருவாக வர வேண்டும் என்று ஒரு வழக்கம். கூடவே பின்னால் வருகிறவர்கள் தோற்றவர்கள் மேல் சாணித்தண்ணி ஊற்றலாம், வேட்டியை உருவலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சுமந்து முடிக்கும்வரை கேட்பார் கிடையாது.

மரியராஜ் முதன்முதலாகத் தலைவனாகப் போனது மாவிலங்கப்பட்டிப் பொட்டலுக்கு. அன்றைக்குக் கடைசிப் பிடியில் தோற்றார்கள். மாவிலங்கப்பட்டித் தலைவன் சின்னச்சாமி, நெல்லு மூட்டை கணக்காகக் கனத்த ஆள், அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, வண்டி மாட்டை முடுக்குகிறது போல இரண்டு குதிகாலாலும் விலாவில் குத்தினான். "ஹை, ஹை" என்றான். மூணாவது தெருவில் மரியராஜ் முழங்கால் மடிந்து சகதியில் விழுந்தான். எழுந்திருக்கச் சொல்லி மறுபடியும் ஏறினார்கள். ஞானையா தாங்கள் வந்த மாட்டுவண்டி ஓரத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அப்போது ரோஸியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள், கல்யாணம் ஆகவில்லை. அவள் தன் அம்மாவோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். அவள் முகத்தை மூடவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் முடிந்த கையோடு மரியராஜ் மதுரைக்குப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வரிசையில் நின்றான். தேசத்துக்காகப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னான். தேசம் அவன் நினைப்பில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மூணாவது தெருவை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் உள்ளுக்குள் இருந்த காரணம்.

போன தூரம் பத்தவில்லை.

மறுநாள் விடியலிலேயே கண்மாய்க்குள் இறங்கினார்கள். தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதில் ஓடவிட்டான். மண்மூட்டையை முதுகில் கட்டி ஓடவிட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கருவேல மரம்வரை பாடிக்கொண்டே போய்த் திரும்பச் சொன்னான். வெயில் ஏறிய பிறகும் விடவில்லை. சோணைமுத்து, ஊரிலேயே பிடி பலமான ஆள், இரண்டாம் நாளே உட்கார்ந்துவிட்டான்.

"இது என்ன வெளாட்டா, பட்டாளமா?"

"ரெண்டும் ஒண்ணுதான். எந்திரி."

காது விசயம் லிங்கத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. இடது பக்கமிருந்து கூப்பிட்டான், மரியராஜ் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டான். பிறகு பக்கத்தில் வந்து கையைப் பிடித்தான்.

"இந்தக் காது கேக்கலையா?"

"கேக்காது. வெளிய சொல்லாத."

லிங்கம் பிடித்த கையை விடவில்லை. பிடிக்கிற பக்கம் நிற்பவர்கள் எப்படியும் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டுதானே நிற்பார்கள். "ஒன் எடது கை எங்கிட்ட இருக்கட்டும்," என்றான். "நான் ஒருவாட்டி அமுக்குனா ஆளு அந்தப் பக்கமா வாரான். ரெண்டுவாட்டி அமுக்குனா பாயி. ஒனக்குக் காதே வேணாம்."

அன்றிலிருந்து அதையே பழகினார்கள். கொஞ்ச நாளில் லிங்கத்தின் விரல் அசைவதற்கு முன்னாலேயே மரியராஜின் கால் அசைந்தது.

சாயங்காலங்களில் டீக்கடையில் சண்டைக் கதை கேட்டார்கள். ஆற்றைக் கடந்த கதையைச் சொன்னான். குண்டு விழுந்த கதையைச் சொன்னான். எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்டதற்கு, "புகை வந்த பக்கமாச் சுட்டோம், யாரு மேல பட்டதுன்னு எவன் கண்டான்," என்றான். அவர்களுக்கு அது போதவில்லை. சண்டை முடிந்த பிறகு நடந்ததை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

சண்டை முடிந்ததும் சரணடைந்த சிப்பாய்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அடைத்து, வெளியே கேட்டில் இவனையும் இன்னும் சிலரையும் நிறுத்தினார்கள். எதிரி தப்பி ஓடாமல் பார்க்கிறதற்கு என்றுதான் முதலில் நினைத்தான். விடிந்ததும்தான் தெரிந்தது. அந்த ஊர் ஜனம் முழுக்க மூங்கில் கழியும் அரிவாளுமாக வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் அந்த ஊரில் செய்யாத அக்கிரமம் இல்லை. ஒரு பெண், இவனுடைய அம்மா வயசு இருக்கும், செத்துப்போன தன் மகன்களின் சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு இவன் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். பாசை புரியவில்லை. நீ யார் பக்கம் என்று கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி, தரையைப் பார்த்து நின்றார்கள். அன்று முழுக்க அவன் கேட்டை விட்டு நகரவில்லை. அவன் நல்லவனாக இருந்து அங்கே நிற்கவில்லை. நிற்கச் சொல்லி உத்தரவு. அது அவனுக்கே தெரியும். அதனால்தான் வெளியே சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை.

திருவிழாவுக்குக் கொடி ஏறியது. ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் ரோஸி வாசலில் உட்கார்ந்து தேய்ந்துபோன விளக்குமாறுகளைச் சணல் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"சின்னச்சாமி கழுத்துக்கு." தலையைத் தூக்காமல் சொன்னாள். "பச்சைச் சேலை ஒண்ணு கட்டிவிடணும்னு சோணைமுத்து பொண்டாட்டி சொன்னா. நான் வேணாமுன்னுட்டேன். நாம தெனம் கட்டுற சேலை என்ன கேவலமா? தொடப்பமே போதும்."

மரியராஜ் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க சகதியில விழுந்தீக. ஒங்க முதுகுல அந்தாளு மறுக்கா ஏறுனாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். இத்தனை வருசமா ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க சண்டைக்குப் போயிருக்கீகன்னு ஊரே செபம் பண்ணுச்சு. நான் ஒண்ணுதான் கேட்டேன். இவுகளை உசுரோட அனுப்பு, இதைத் தீக்கணும்னு கேட்டேன்."

"தீத்துருவோம்," என்றான் மரியராஜ். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. அவன் விலா எலும்பில் அந்தக் குதிகால் இன்னும் இருந்தது.

மே மாதம் முதல் தேதி சாயங்காலம் பொட்டலில் கால் வைக்க இடமில்லை. பாலவனத்தத்திலிருந்துகூட சைக்கிள் மிதித்து வந்திருந்தார்கள். நடுவராக வந்தவர் அருப்புக்கோட்டை டிரில் மாஸ்டர் வேங்கடபதி. இரண்டு ஊருக்கும் உறவில்லாத ஆள். மாவிலங்கப்பட்டிக்காரர்கள் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். ஆட்டக்காரர்களோடு கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள். லாரி அருப்புக்கோட்டைக்கு லோடு ஏற்றப் போய்விட்டது. ஆடிக் களைத்த பிறகு கண்மாய் வழியாக நடப்பதைவிட, திரும்பிப் போக பஸ்ஸுதான் தோது.

சின்னச்சாமி வயசு கூடித் தெரிந்தான். காதோரம் நரைத்திருந்தது. ஆனால் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் பாட்டெடுத்து உள்ளே வந்தபோது பழைய சின்னச்சாமிதான். முதல் பாட்டிலேயே இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். ஓடைக்கரைப்பட்டிக் கூட்டம் அடங்கியது. லிங்கம் போனான், மீன் நழுவுகிற மாதிரி நழுவி ஒருவனைத் தொட்டு வந்தான். சோணைமுத்து ஒருவனைத் தூக்கி மல்லாத்தினான். ஏறுவதும் இறங்குவதுமாக ஆட்டம் போனது. ஒரு பிடியில் மரியராஜின் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு நின்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு மாவிலங்கப்பட்டிக்கு. சின்னச்சாமியே வந்தான்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். இந்தமுறை நேராக வரவில்லை. வலது பக்கம் போவதாகப் போக்குக் காட்டி, குரலைத் தாழ்த்தி, கால் சத்தமில்லாமல் மரியராஜின் இடது பக்கம் சுற்றினான். மரியராஜுக்குப் பாட்டுச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. ஆள் எங்கே என்று பிடிபடவில்லை. கையில் லிங்கத்தின் விரல் ஒருமுறை அமுங்கியது. பொறுத்தான். இரண்டாம் முறை அமுங்கியது.

திரும்பிப் பார்க்காமலே பாய்ந்தான். கணுக்கால் கையில் அகப்பட்டது. சின்னச்சாமி விழுந்தான், விழுந்தவன் அப்படியே அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தான். மேலே இரண்டு பேர் விழுந்தும் நிற்கவில்லை. கையை நீட்டினான். கோட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மரியராஜ் அந்தக் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். விசில் ஊதியது அவன் காதில் விழவில்லை. பிடித்திருந்த கால் திடீரென்று துவண்டது. அதில்தான் தெரிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று.

பொட்டல் பொங்கியது. லிங்கம் தெலுங்கில் என்னென்னவோ கத்திக்கொண்டு குட்டிக்கரணம் போட்டான். கிழட்டு ஆட்கள்கூட துண்டைச் சுழற்றினார்கள். மரியராஜ் புழுதியில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

சின்னச்சாமி எழுந்து முகத்தைத் துடைத்தான். யாரும் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. நடுக்கோட்டுக்கு வந்து, முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து நின்றான்.

"ஏறு," என்றான்.

ரோஸி மாலையைக் கொண்டுவந்து சோணைமுத்துவிடம் கொடுத்தாள். அவன் அதைச் சின்னச்சாமி கழுத்தில் போட்டான். ஊரே ஆர்ப்பரித்தது. மரியராஜ் பின்னால் போய் இரண்டு கையையும் அந்தத் தோளில் வைத்தான். கைக்கு அடியில் அந்த உடம்பு இரைத்தது. ஒரு முழங்கால் வீங்கியிருப்பதும் தெரிந்தது. அது அவனைத் தடுக்கவில்லை; உண்மையைச் சொன்னால் அது இனித்தது. ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கினான்.

தூக்கும்போது சின்னச்சாமியின் தலைக்கு மேலாகக் கோயில் சுவர் தெரிந்தது. மாவிலங்கப்பட்டி ஆட்டக்காரர்கள் அந்தச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கோத்த கையை இன்னும் விடவில்லை. கண் தரையில் இருந்தது. அவர்களுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் சாணிச் சட்டியோடு வந்தான். ஒருத்தன் ஓரத்தில் நின்றவனுடைய வேட்டியைப் பிடித்து இழுத்தான். இன்னும் யாரோ கல்லைப் பொறுக்கினார்கள். அவர்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு ஆள் இல்லை.

மரியராஜின் கால் கீழே இறங்கியது. எந்த ஆபீசரும் அவனுக்கு உத்தரவு போடவில்லை. எந்த உத்தரவும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. சின்னச்சாமியின் கழுத்திலிருந்து மாலையை எடுத்துக் கீழே போட்டான். "நிமிருங்க," என்றான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சுவருக்கு முன்னால், தன் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சு. வழி விடுங்க. பஸ்ஸுக்குப் போகட்டும்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. சோணைமுத்துதான் கேட்டான். "என்னடா பண்ற? ஏறி உக்காரு. ஊரு காத்துக்கிட்டு நிக்கிது."

"நான் ஏறலை."

"ஒனக்குப் பதிலா நான் ஏறுறேன், தள்ளு."

"தலைவன்தானே ஏறணும்? தலைவன் வேணாங்கிறேன்."

"நாங்க மண்ணுமூட்டை சொமந்தது எதுக்கு? ஒனக்கு மெடலு மாட்டவா? அன்னைக்கு நீ மட்டுமா நனைஞ்ச, நானும்தான் சாணித்தண்ணியில நனைஞ்சேன்!" சோணைமுத்துவின் குரல் உடைந்தது. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"என்னைத் தாண்டிப் போய் ஊத்து," என்றான் மரியராஜ். அவ்வளவுதான் வந்தது.

கூட்டத்தில் கெட்ட வார்த்தை கேட்டது. பட்டாளத்துக்குப் போய் எதிரியோடு சேர்ந்துவிட்டான் என்றார்கள். இடது பக்கமிருந்து ஒரு கல் வந்தது. அந்தப் பக்கம் எச்சரித்த சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. கல் பொட்டில் பட்டு ரத்தம் காதோரம் இறங்கியது. கையால் தொட்டுப் பார்த்தான். நகரவில்லை.

அப்போது ஞானையா நடந்து வந்தார். மகனுக்கு இடது பக்கமாக வந்து, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். ஊரில் அவர் மேல் கல் எறிய ஆள் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து லிங்கம் வந்தான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "எனக்கு இதுல சம்மதமில்ல, தெரிஞ்சுக்க," என்று மரியராஜிடம் சொல்லிவிட்டு அவனும் பக்கத்தில் நின்றான். டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் ஊதினார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

ரோட்டுவரைக்கும் அவர்களோடு நடந்தார்கள். சின்னச்சாமி நொண்டினான். லிங்கம் தோள் கொடுக்கப் போனபோது தட்டிவிட்டான். பஸ்ஸு வெளிச்சம் தூரத்தில் தெரிந்ததும் மரியராஜின் பக்கம் திரும்பினான்.

"ஏப்பா பட்டாளத்துக்காரா, எரக்கப்பட்டா விட்ட?"

பதிலுக்குக் காத்திருக்காமல் சின்னச்சாமியே தொடர்ந்தான்.

"தோத்தவன் சொமப்பான். அது எனக்குத் தெரியும். சொமந்திருந்தாக் கணக்குத் தீந்திருக்கும். இப்ப ஒங்க தயவுல பொழச்சு வந்தேன்னு எங்க ஊருல சொல்லுவாங்க. இதுக்கு நீ ஏறியே தொலைச்சிருக்கலாம்."

"எரக்கம் இல்லண்ணே," என்றான் மரியராஜ். "ஏறணும்னு எம்புட்டு ஆசை இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது. இப்பவும் இருக்கு. ஒங்களைப் பிடிச்சேன்ல, கால நெஞ்சோட அணைச்சேன்ல, அதோட ஜெயிச்சாச்சு. அதுக்கு மேல நடக்குறது ஜெயிக்கிறது இல்ல. அதை நான் ஒரு எடத்துல பாத்துட்டேன்."

"எங்க பாத்த?"

"தூரத்துல."

பஸ்ஸு வந்தது. சின்னச்சாமி ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. "அடுத்த வருசம் எங்க பொட்டல்ல," என்று மட்டும் படிக்கட்டிலிருந்து சொன்னான்.

வீட்டில் ரோஸி அவன் பொட்டுக் காயத்துக்கு மஞ்சள் அரைத்து வைத்தாள்; பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஜெயித்ததற்குக் கொடுத்த கோப்பை சோணைமுத்து வீட்டுக்குப் போய்விட்டது. டீக்கடையில் இவன் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. லீவு முடியும் சமயம், ஒரு காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தபோது அவளே வந்து நின்றாள்.

"எல்லாருக்கு முன்னாடியும் நான் கோத்த மாலையைத் தரையில போட்டீக."

"போட்டேன்."

"ஏன்னாவது சொல்லுங்க."

அப்போதுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பற்றி அவளிடம் சொன்னான். மகன்களின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பற்றியும் சொன்னான். ரோஸி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்கு என்ன பதில் சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லலை. என்னத்தைச் சொல்ல? அந்தம்மா பக்கம்தான் ஞாயம். ஆனாலும் கேட்டைத் தொறந்திருந்தா, நாங்க எதுக்கு அத்தனை பேரு செத்தோம்னு எனக்குத் தெரியாமப் போயிருக்கும்."

"எனக்கும் ஆறலை," என்றாள் ரோஸி. "ஆறுனதாச் சொன்னா அது பொய்யி." வாளியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஆனா கல்லு பட்டும் நகராம நின்னீகல்ல. சகதியில விழுந்ததைப் பாத்த மாதிரியே அதையும் பாத்தேன்."

அவன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனான். அடுத்த வருச ஆட்டத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, மழைக்காலத்தில்தான் வந்தான். இந்தத் தடவை மேளம் இல்லை, வெடி இல்லை. ரோஸி மட்டும் குடையோடு ரோட்டில் நின்றாள். பெட்டியை இறக்கும் முன்னாலேயே கேட்டான்.

"மாவிலங்கப்பட்டியில என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம். லிங்கண்ணன்தான் தலைவரு."

மரியராஜ் நின்றுவிட்டான். "சொமந்தானா?"

"கேளுங்க. மாலையெல்லாம் கோத்துத் தயாரா வச்சிருந்தாங்க. அவுக ஊரு கொதிச்சுப்போய் நிக்கிது, போன வருசம் எரக்கப்பட்டு விட்டதுக்குப் பழி தீக்கணும்னு. லிங்கண்ணன் குனிஞ்சு நின்னுட்டாரு. பாத்தா ஏறுறதுக்கு ஆளைக் காணோம். விசில் ஊதுனதுமே சின்னச்சாமி சட்டையை மாட்டிக்கிட்டு, மாடு கட்டாமக் கெடக்குன்னு வீட்டுக்குப் போயிட்டாராம். ஆளு விட்டுக் கூப்பிட்டாங்க. வரலை. கதவைச் சாத்திக்கிட்டாராம். தலைவன் இல்லாம யாரை யாரு சொமக்கிறது? கொஞ்ச நேரம் கத்திப் பாத்துட்டு எல்லாரும் கலைஞ்சுட்டாங்க. நம்ம ஆளுக நடந்தே வந்து சேந்தாக."

மரியராஜுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. "எப்படித் தோத்தோம்?" என்றான்.

"அதை லிங்கண்ணன்கிட்டக் கேளுங்க. வலது கையில கோத்துக்க ஆளில்லாமப் போச்சுன்னு பொலம்பிக்கிட்டிருக்காரு."

ஈரக் கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு வர, இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். லிங்கத்தின் வீட்டு முனை வந்ததும் தறிச் சத்தம் கேட்டது. மரியராஜ் பெட்டியை ரோஸியிடம் கொடுத்துவிட்டு ஜன்னலைத் தட்டினான்.

"ஏலே லிங்கம், கண்மாயில தண்ணி கெடக்கு. நாளைக்கு விடிய பொட்டலுக்கு வா. சோணைமுத்துவையும் கூட்டிட்டு வா. அவன் என்ன திட்டுனாலும் பரவாயில்ல, கூட்டிட்டு வா."

உள்ளே தறி நின்றது.